இரண்டாவது மணி

டிசம்பர் மாதத்தில் தீவு நகரமான விஸ்பிக்குச் சீட்டு வேண்டும் என்று தோரா கேட்டதும், கப்பல் துறையில் சீட்டுக் கொடுக்கும் பெண் தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை பார்த்தாள். கோடையில் அந்தத் தீவுக்கு ஜனம் அலைமோதும். ஊரைச் சுற்றியிருக்கும் பழைய மதில்மேல் நின்று படம் எடுக்க வரிசை கட்டி நிற்பார்கள். குளிர்காலத்தில் அங்கே மிஞ்சுவது மதிலும், கூரை போன பழைய தேவாலயங்களும், கடலும், அங்கேயே பிறந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் இருப்பவர்களும்தான்.

"போய் வரவா, போக மட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

தோராவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. "போக மட்டும்," என்று சொல்லிவைத்தாள்.

தோரா நார்ஷோப்பிங் நகரத்தில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள். நவம்பரில்தான் ஓய்வு பெற்றாள். பூங்கொத்து கொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், அவள் ஓட்டிய வண்டியின் படத்தைச் சட்டம் போட்டுத் தந்தார்கள். அதோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவளுக்கு முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு வாக்கியம் கேட்க ஆரம்பித்தது. டிராம் மணிச் சத்தம் காதில் இருந்தவரை கேட்காத வாக்கியம். வீடு அமைதியானதும் அது காலைக் காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

அது அவளே சொன்னதுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் அண்ணி குன்னெலை அடக்கம் செய்துவிட்டு வந்து, எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, இருபது பேர் முன்னிலையில் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "நீ பேசாமலே இருந்து அவளைக் கொன்னுட்டே."

அண்ணன் ஏவெர்ட் கையிலிருந்த கோப்பையைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தார். எழுந்து, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, வெளியே போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஏழு கிறிஸ்துமஸுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கோ, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கோ ஒரு வாழ்த்து அட்டைகூடப் போகவில்லை. இத்தனைக்கும் ஏவெர்ட் தபால்காரர். தீவு முழுக்க அடுத்தவர் வார்த்தைகளைச் சைக்கிளில் சுமந்து கொடுத்தே காலத்தைக் கழித்தவர். சொந்தமாகச் செலவழிக்க அவரிடம் வார்த்தை கிடையாது. வீட்டுக்கு வந்தால் 'ம்' என்பார், 'ம்ஹூம்' என்பார், வானம் நன்றாக இருந்தால் 'பரவாயில்லை' என்பார். அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்துத்தான் தோரா அதைச் சொன்னாள். கொடுமையான வார்த்தைதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தப் பயணம். நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்துப் போட்டாயிற்று. 'வரட்டுமா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று பதில் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். தன் வீட்டுச் சன்னலில், கிறிஸ்துமஸுக்கு மாட்டும் உள்விளக்கு வைத்த காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு, மூன்று மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணையும்படி டைமரைத் திருகி வைத்தாள். ஆள் இல்லாத வீடு என்று திருடனுக்குத் தெரியக் கூடாது அல்லவா!

ஐந்து மணி நேரக் கடல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றரை மணிக்குக் கப்பல் கரையைத் தொட்டபோது இருட்டிவிட்டது. பனி பெய்துகொண்டிருந்தது. மதில் வாசலுக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றுபோனது. கடலின் இரைச்சலும் பின்னால் எங்கோ தங்கிவிட்டது. தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒவ்வொரு சன்னலிலும் ஒரு நட்சத்திரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள். தன் காலடிச் சத்தமே தனக்குக் கேட்கவில்லை என்பதைக் கொஞ்ச தூரம் போனபிறகுதான் தோரா கவனித்தாள். தான் நடக்கிறோமா, ஊர்தான் தன்னைத் தாண்டி மெதுவாக நகர்ந்து போகிறதா என்று ஒரு மயக்கம். ஒரு வேலியில் ரோஜா ஒன்று பனித்தொப்பி போட்டுக்கொண்டு, இன்னும் உதிராமல் நின்றது.

ஏவெர்ட்டின் வீடு ஒரு கூரையில்லாத தேவாலயத்துக்கு எதிரே இருந்தது. அங்கே போய் நின்று பார்த்தாள். அண்ணன் வீட்டுச் சன்னலிலும் ஒரு நட்சத்திரம்! குன்னெல் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு வருடமும் அவள்தான் அதை மாட்டுவாள். "கடை மாதிரி இருக்கு," என்பார் ஏவெர்ட். அந்த வருடத்தின் மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். இப்போது தன் கையாலேயே மாட்டி, அதன் கீழே உட்கார்ந்திருக்கிறார் போலும்.

தோரா மணியை அழுத்தினாள். ஒரே ஒரு முறை.

உள்ளே மணி அடித்தது நன்றாகக் கேட்டது. யாரும் வரவில்லை. வெளிச்சம் அசையவில்லை. தோரா நூறு எண்ணினாள். இருநூறும் எண்ணினாள். சன்னல் அருகே போய் எட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கக் கூடாது. எட்டிப் பார்ப்பது என்ற ஒன்று எங்கள் ஜனங்களிடம் கிடையாது. சொல்லாமல் போவதே தவறு. போனால் ஒருமுறை மணி அடிக்கலாம். திறக்கவில்லை என்றால் திறக்க விருப்பமில்லை என்று பொருள். இரண்டாவது முறை அடிப்பது சட்டையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். தோரா படியிறங்கி, வந்த வழியே நடந்தாள். அண்ணன் திரைச்சீலை வழியாகத் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தாள். ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி அண்ணன் வீட்டு வாசலில் சுத்தமாகத் தள்ளப்பட்டிருந்தது. ஆக, ஆள் உள்ளே இருக்கிறார். தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் தோராவுக்கு ஒரே நாள் போலத்தான் இருந்தன. பகல் என்று ஒன்று வந்ததாகவே நினைவில்லை. பத்து மணிக்குச் சாம்பல் நிறமாக ஏதோ வெளுக்கும், இரண்டரைக்கு அது நீலமாகும், மூன்றுக்குப் பொட்டென்று நட்சத்திரம் எரியும். அவள் எதிரே இருந்த தேவாலயத்துக்குள் போய் நின்றுகொள்வாள். தலைக்குமேல் கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. ஒரு காலத்தில் ஜனங்கள் மண்டியிட்ட தரையில் பனி தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எழுநூறு வருடத் தூண்கள் எதற்கும் அவசரப்படாமல் நின்றன. அவற்றிடம்தான் அவள் ஒத்திகை பார்த்தாள். 'அண்ணா, நான் சொன்னது தப்பு.' இல்லை, இது போதாது. 'அண்ணா, அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கிறேன்.' வார்த்தையைத் திரும்ப எடுப்பதாவது! எடுத்து எங்கே வைப்பது? வெளியே வந்து, தெருவோரத்தில் வண்டிகளைத் தடுக்க வைத்திருந்த கல் ஆட்டுக்கிடாவின் தலையிலிருந்து பனியைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். நட்சத்திரம் எரிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது, அவள் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரர் யால்மார் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். எழுபது வயது. அந்த விடுதியில் தோரா ஒருத்திதான் விருந்தாளி. குங்குமப்பூ அப்பத்தில் ஒரு துண்டை வெட்டி, நாவற்பழ நிறத்தில் இருந்த ஜாமை அதன் தலையில் போட்டு அவள் முன்னால் வைத்தார்.

"டிசம்பர்ல இங்க வர்றவங்க ரெண்டே வகைங்க," என்றார். "ஒன்னு, புத்தகம் எழுதப் போறேன்னு வந்து தூங்கிட்டுப் போறவங்க. இன்னொன்னு, புருஷன்கிட்ட சண்டை போட்டவங்க. நீங்க எந்த வகை?"

"அண்ணன்கிட்ட."

"அட, இது புது வகையால்ல இருக்கு! உக்காருங்க, இன்னொரு துண்டு சாப்பிடுங்க."

தோரா சொல்லிவிட்டாள். சாவு வீட்டில் சொன்ன வாக்கியம் முதல் தள்ளப்பட்ட பனி வரை எல்லாவற்றையும். யால்மார் மோவாயைச் சொறிந்துகொண்டார்.

"ஒரு தடவைதான் மணி அடிச்சீங்களா?"

"வேற எத்தனை தடவை அடிப்பாங்க?"

"அதுவும் சரிதான்." அவள் கோப்பையில் காபியை ஊற்றினார். "நான் ஒரே ஒரு வீட்ல ரெண்டாவது தடவை அடிச்சிருக்கேன். இருபத்தி ரெண்டு வயசு எனக்கு. அந்த வீட்டுப் பொண்ணையே கட்டிக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சே."

"அதை அவகிட்டதான் கேக்கணும்," என்றார் யால்மார். சமையலறையிலிருந்து ஒரு பெண் குரல், "எனக்குக் காது கேக்குது!" என்றது.

அன்று மாலை மூன்று மணிக்கு நட்சத்திரம் எரிந்தபோது தோரா தேவாலயத்துக்குள் போகவில்லை. நேரே வாசற்படியில் ஏறி நின்றாள். திறக்காவிட்டால் அதுதான் முடிவு. இனி நினைத்து ஏங்கக்கூட இடமில்லை. முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தட்டும், அதையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். மணியை அழுத்தினாள். விரலை எடுத்தாள். பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள்! அதற்குமேல் அவளுக்குள் இருந்த டிராம்காரி விழித்துக்கொண்டாள். தண்டவாளத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன எவனையோ விரட்டுவதுபோல் விடாமல் அடித்தாள். தெரு முழுக்கக் கேட்டது.

திறந்தது பக்கத்து வீட்டுக் கதவு. பருமனான ஒரு கிழவி, தோளில் சால்வையோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா, வீடு தீப்பிடிச்சிருச்சா?"

"மன்னிச்சுக்குங்க. இவரைப் பார்க்கணும். ஏவெர்ட்டை."

"அவர் இல்லையேம்மா. ஞாயித்துக்கிழமை காலைக் கப்பல்லயே போயிட்டாரே."

தோரா கிழவியைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். "விளக்கு எரியுதே?"

"அது நான் கொடுத்த டைமரு. அவருக்கு இந்த மாதிரி சமாச்சாரமே பிடிக்காது. ஊருக்குப் போறீங்க, வீடு இருட்டா கிடந்தா நல்லாவா இருக்கும்னு நான்தான் நட்சத்திரத்தைத் தேடி எடுத்து மாட்டினேன்."

"வாசல்ல பனியைத் தள்ளினது?"

"நான்தான். அஞ்சு மணிக்கே எனக்குத் தூக்கம் போயிருது, வேற என்ன பண்றது?" கிழவி படியில் ஓர் அடி இறங்கினாள். "மூணு நாளா உங்களைப் பார்த்துட்டுதான் இருக்கேன். இந்தக் குளிர்ல நிக்கிறீங்களேன்னு நேத்து காபிகூட போட்டு வெச்சேன். கூப்பிட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு நானே குடிச்சிட்டேன். என் பேரு பெரிட்."

"எங்க போயிருக்கார்?"

"நார்ஷோப்பிங்குக்கு. அங்க தங்கச்சி ஒருத்தி இருக்காளாம். டிராம் ஓட்டுறவளாம். பாவம், அவளைப் பார்க்கணும்னு ஒரு மாசமா சட்டையைத் தேய்ச்சு தேய்ச்சு மாட்டிட்டிருந்தார்."

தோரா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அந்தத் தங்கச்சி," என்றாள்.

பெரிட் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அட கடவுளே, ரெண்டு பேருமே ஒரே அச்சுதானா!" என்றாள்.

அப்போதுதான் தோராவுக்குத் தன் வீட்டுச் சன்னல் ஞாபகம் வந்தது. மூன்று மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணையும் நட்சத்திரம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். விளக்கைப் பார்த்திருப்பார். மணி அடித்திருப்பார். எத்தனை முறை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

பெரிட்டிடம் சாவி இருந்தது. இருவரும் உள்ளே போனார்கள். நட்சத்திர வெளிச்சத்தில் மேஜை, அடுப்பு, சுவரில் தொலைபேசி எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. சன்னலைப் பார்த்து இரண்டு நாற்காலிகள் அருகருகே கிடந்தன. குன்னெல் இருந்தபோதும் அவை அப்படித்தான் கிடக்கும். எதிரும் புதிருமாகப் போட்டுத் தோரா பார்த்ததே இல்லை. தோரா அவற்றில் உட்காராமல் நின்றபடியே தன் கீழ்வீட்டுக்காரி ஹெட்விக்கின் எண்ணைச் சுழற்றினாள்.

"ஹெட்விக், நான் தோரா. உங்க சன்னல் வழியா ஒரு தடவை வெளிய பாருங்களேன். தெருவுல யாராவது நிக்கிறாங்களா?"

"பார்க்க என்ன இருக்கு?" என்றாள் ஹெட்விக். "மூணு நாளா ஒரு மனுஷன் தபால் பெட்டிகிட்ட நிக்கிறான். இப்பவும் நிக்கிறான். போலீசுக்குச் சொல்லலாமான்னு நினைச்சேன். ஆனா தொப்பியெல்லாம் ஒழுங்கா வெச்சிருக்கான், எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"அது எங்க அண்ணன். கூப்பிடுங்க. தயவுசெஞ்சு கூப்பிட்டு போன்கிட்ட நிறுத்துங்க!"

மறுமுனையில் தொலைபேசியைக் கீழே வைக்கும் சத்தம். செருப்பு. கதவு. அதன்பின் வெகுநேரம் ஒன்றுமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டுக்குக் கீழே, அடுத்தவர் வீட்டு ஹாலின் அமைதியைத் தோரா காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் டிராம் ஒன்று வளைவில் திரும்பியது. அது ஏழரை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இரண்டாம் எண் வண்டி என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. தான் அங்கே இருக்கிறோமா, இங்கே இருக்கிறோமா என்று ஒரு கணம் குழம்பிவிட்டது.

பிறகு ஒரு கனைப்பு. "தோரா," என்றது குரல். வயதாகியிருந்தது.

"அண்ணா! எத்தனை தடவை மணி அடிச்சே?"

"ஒரு தடவை. விளக்கு எரிஞ்சுது. நீ திறக்கலை. உனக்குக் கோபம் போகலைன்னு நினைச்சேன்."

"எனக்கா கோபம்? அண்ணா, நான் இங்க உன் வீட்ல நிக்கிறேன். மூணு நாளா உன் வாசல்லதான் நின்னேன். நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான்..."

"இரு, இரு." அவர் மூச்சு வாங்கினார். "நான் முதல்ல கேட்டுடறேன். கப்பல்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். நடுவுல விட்டா மறந்துரும்."

தோரா வாயை மூடிக்கொண்டாள். ஏவெர்ட் ஏதாவது கேட்டே பல வருடமாகிறது.

"அதைக் குன்னெல் எப்போ சொன்னா?" என்றார்.

"எதை?"

"நான் பேசாம இருந்தே அவளைக் கொன்னேன்னு. அன்னிக்கு நீ சொன்னியே. நீ வருஷத்துக்கு ஒரு தடவை வருவே. நாலு நாள் இருப்பே. அவ சொல்லாம உனக்கு எப்படித் தெரியும்? அவ உன்கிட்ட அழுதாளா? கோபமா சொன்னாளா? நல்லா இருந்தப்பவே சொன்னாளா, இல்ல, ஆஸ்பத்திரியிலயா? திட்டுறதுக்குக் கேக்கலை. எனக்குத் தெரியணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

தோரா அந்த இரண்டு நாற்காலிகளையும் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருடமும், தான் எறிந்த கல் அண்ணன்மேல் பட்டது என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். அவரோ அதைக் குன்னெலின் கையிலிருந்து வந்த கல்லாக வாங்கியிருக்கிறார். முப்பத்துநாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள், தன்னிடம் சொல்லாமல் இன்னொருத்தியிடம் சொல்லி அழுதாள் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாளும் இந்த இரண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியிருக்கிறார். புருஷனையும் பெண்டாட்டியையும் சாவு பிரித்தது போதாதென்று தான் வேறு பிரித்து வைத்திருக்கிறோம் என்பது தோராவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டியது. அழுதால் பேச்சு வராது. இப்போது பேசியாக வேண்டும்.

"அண்ணா, அவ சொல்லலை."

தொலைபேசியை வாய்க்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள்.

"ஒரு நாள்கூட சொல்லலை. உன்னைப் பத்தி ஒரு குறை அவ வாயிலேருந்து நான் கேட்டதே கிடையாது. அது என் வார்த்தை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அவ போனது தாங்கலை, யாரையாவது அடிக்கணும்போல இருந்துச்சு. எதிர்ல நீ உக்காந்திருந்தே. அவ்வளவுதான் அண்ணா. அதுல குன்னெல் இல்லவே இல்ல."

ஹெட்விக் பின்னாலிருந்து, "காபி ஆறுது, உக்காருங்க," என்று சொல்வது கேட்டது. அவர் உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. இந்தப் பக்கம் பெரிட் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்பதுபோல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ சொல்லலை," என்றார் ஏவெர்ட், கடைசியில்.

"சொல்லலை."

"ஆஸ்பத்திரியிலகூட."

"ஆஸ்பத்திரியிலகூட இல்ல. வீட்டுச் செடிக்கு நீ தண்ணி ஊத்தினியான்னு கேட்டா. நீ குல்லா போட்டுக்கிட்டுதான் வெளிய போறியான்னு கேட்டா. வேற எதுவும் கேக்கலை."

ஒரு பெரிய மூச்சு கேட்டது. அழுகிறாரா என்று தெரியவில்லை. அவர் அழுது அவள் பார்த்ததில்லை, அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. எப்போதும்போல் அந்த இடைவெளியை எதையாவது பேசி நிரப்பப் போனவள், நிறுத்திக்கொண்டாள். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"தோரா," என்றார் ஏவெர்ட். "இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள்.